மூன்று வீசை

இந்த ஊரில் இன்னும் வீசைதான் எடை.
மோல்மீன் ஜேஜீயில் தராசுக்காரி
மூன்று வீசை நிறுத்து
பாதி மண்ணோடு பையில் கொட்டினாள்.
ஷான் மலைக் காரட்,
லாரியில் இரண்டு இரவு உருண்டு வந்தது.

என் சாமான் சீட்டின் தலைப்பில் விரல் வைத்தாள்:
இது என்ன எழுத்து?
உ, என்றேன்.
எந்த உ?
பர்மியத்தில் உ என்றால் கிழங்கு.
முட்டைக்கும் அதே உதான்.
பிள்ளையாரை எப்படி விளக்குவது?
எல்லா உவும், என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளைக் காலை என் வளர்மதிக்கு ரிஜிஸ்டர்.
பையன் மோன்காரன், படகு எஞ்சின் பழுது பார்ப்பவன்.
நான் சம்மதித்துவிட்டதாகத் தெருவில் பேச்சு.
எதிர்த்து எதிர்த்துக் களைத்துப்போனேன்,
அவ்வளவுதான்.

அல்வா மட்டும் என் கையால், என்றிருந்தேன்.
விடிந்ததும் வாசலில் அவன் அம்மா
மி சான் ஓன்,
கன்னத்துத் தனாக்கா இன்னும் காயாமல்,
கூடையில் சொந்தக் கத்தியோடு.
யாரும் கூப்பிடவில்லை.
சம்பந்தியை யார் கூப்பிட வேண்டும்?

ஆணி குத்திய ரொட்டித் தகரம்தான் என் துருவி.
முதல் வீசை காரட்டாகவே இருந்தது.
இரண்டாவது, தோள்பட்டை.
மூன்றாவதில் விரல் முட்டி உரிந்து
எது யாருடைய சிவப்பு என்று தெரியாமல் போனது.
அவள் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

முன்லா உ நீ, முன்லா உ நீ,
காரட்டைப் பெயர் சொல்லிச் சொல்லித் துருவினாள்.
சிவப்பு முள்ளங்கி என்று அர்த்தம்.
நீ என்றால் சிவப்பு.
நாற்பது வருஷமாகத் தெரியும், இருந்தும்
அன்றைக்கு எனக்கு
யாரோ விரல் நீட்டுவது போலவே கேட்டது:
நீ.
நீ.

பத்தரைக்குப் பால் திரிந்தது.
மூன்று நாளாகக் கரண்ட் இல்லை,
பால்காரனைத் திட்டி என்ன?
திரிந்ததைப் பார்த்ததும் எனக்குள்
(சொல்லக் கூடாது, சொல்கிறேன்)
ஒரு சின்ன சந்தோஷம்.
சகுனம் சரியில்லை என்று
இப்போதுகூடச் சொல்லலாம்.
வாயை எடுத்தேன்.

டக்கென்று ஒரு சத்தம்.
கத்தியின் முதுகால் தேங்காயை உடைத்திருந்தாள்.
ஓன்னோ, என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.
காரட் அல்வாவில் தேங்காய்ப் பாலா
என்று நான் நாக்கைப் புரட்டுவதற்குள்
முதல் பால் பிழிந்து முடிந்தது.

நெய்யில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.
ஏலக்காயிலும்.
உப்பு ஒரு சிட்டிகை போட்டாள்,
நான் பார்க்கும்போதே போட்டாள்.
சர்க்கரை இளகி, சுருண்டு,
நெய் ஓரத்தில் கக்கத் தொடங்கும் நேரத்தில்
வாணலியைத் தகரத் தட்டால் மூடி
மேலே தணலை அள்ளி வைத்தாள்,
அவர்கள் சன்வின்மக்கின் சுடுகிற மாதிரி.
அடியே, அல்வாவுக்குத் தலையில் கொள்ளியா!
தமிழில்தான் கத்தினேன்.
அவள் விசிறிக்கொண்டிருந்தாள்.

திறந்தபோது
அல்வா என்று சொல்ல வாய் வரவில்லை.
அவளுக்கும் அதன் பெயர் தெரியவில்லை.
மேலே தேன் நிறத்தில் ஒரு தோல்,
உள்ளே குழைவு,
அடி பிடித்திருந்தது.

நல்லதையெல்லாம் தாம்பாளத்தில் தட்டி
நாளைக்கு மூடி வைத்தோம்.
பொறுக்கு எங்களுக்கு.
இரண்டு கரண்டி, ஒரு வாணலி,
கரகரவென்று சுரண்டல்.
ஆச்சா, ஆச்சா என்று வெளியிலிருந்து வளர்மதி
இரண்டு மொழியிலும் கேட்கிறாள்.
இருவர் வாயும் நிறைந்திருந்தது.

என் பக்கத்துக் கருகலில் நல்ல துண்டாக ஒன்றை
மி சான் தன் பக்கம் இழுத்தாள்.
ஏய், நீ! என்றேன்.
கரண்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
ஆமாம் என்று தலையாட்டினாள்:
நீ.